படிச் சமிக்ஞையும் மட்டக்களப்பு வாவியும்

உன்னிச்சைக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்படுகின்றன என்ற அறிவித்தல் மாரியில் மட்டக்களப்புக்குப் புதிதல்ல. கட்டுப்பாட்டியல் படித்தவருக்கு அது ஒரு படிச் சமிக்ஞை: உள்ளீடு ஒரு மட்டத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவி அங்கேயே நிற்கிறது. கணத்தாக்கு, படி, சாய்வு, பரவளைவு, சைன் எனப் பாடநூல்கள் தரும் சோதனைச் சமிக்ஞைகளில் அதிகம் கொண்டாடப்படுவதும் இந்தப் படிதான்.

காரணம் உண்டு. நிஜ உள்ளீடு எப்படி வருமென்று முன்கூட்டித் தெரியாது. மழை சொல்லிக்கொண்டா பெய்கிறது? எல்லோரும் ஒரே உள்ளீட்டைக் கொடுத்தால் தொகுதிகளை ஒப்பிடலாம். முதல் வரிசைத் தொகுதி இறுதி மாற்றத்தின் 63.2 வீதத்தை எட்டும் நேரத்தை அளந்தாலே அதன் வேகம் தெரிந்துவிடும். ஓய்வில் தொடங்கும், காலத்தோடு மாறாத நேரியல் தொகுதியில் கணத்தாக்கின் துலங்கலைத் தொகையிட்டால் படியின் துலங்கல் வரும். அதையும் தொகையிட்டால் சாய்வினது.

நேரியலாக இருக்க வேண்டும் என்பதுதான் இடிக்கிறது. மட்டக்களப்பு வாவி கடலோடு சேரும் பாலமீன்மடு முகத்துவாரத்தை மணல் அடைக்கும். வெள்ளம் ஏறினால் வெட்டிவிடுவார்கள். வெட்டிய வாயை ஓடும் நீரே அரித்து அகலமாக்கும். உள்ளீடு தொகுதியையே மாற்றிவிடுகிறது! வரத்து இருமடங்கானால் நீர்மட்டமும் இருமடங்கு உயரும் என்ற கணக்கு அங்கே செல்லாது. தொகுதி ஓய்வில் இருந்து தொடங்க வேண்டும் என்பதும் அப்படித்தான். 2011 ஜனவரியில் வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையை மூழ்கடித்த மழை காய்ந்த நிலத்திலா விழுந்தது?

இன்னொரு குறை, வரத்து பெரும்பாலும் தாவுவதில்லை, மணிக்கணக்கில் ஏறுகிறது. படிக்கு நிலைவழுவின்றித் தேறும் ஒன்றாம் வகைச் சீராக்கி (தடத்தில் ஒரு தொகையீடு மட்டும் உள்ளது) சாய்வுக்கு மாறா வழுவோடு பின்தங்கும். பரவளைவுக்கு வழு எல்லையின்றி வளரும். படியில் மட்டும் சோதித்து ஒப்பமிடுவது அரைச் சோதனை.

பாடத்தில் பின்வரிசைக்குத் தள்ளப்படும் சைன் அலையைக் கடலே இலவசமாகத் தருகிறது. ஏறத்தாழ 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை வரும் வற்றுப்பெருக்கைக் குறுகிய வாய் வீச்சைக் குறைத்து, பிந்தவைத்தே உள்ளே விடும். ஆற்று வரத்துக் குறைந்த நாட்களில் கல்லடிப் பாலத்தடியில் அந்த வீச்சையும் பிந்தலையும் அளந்தால், முகத்துவாரம் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை ஊகிக்கலாம். வாய் மூடினால் அலை மறைந்துவிடும். படிச் சோதனைக்கோ வெள்ளத்தை வரவழைக்க வேண்டும்.

மட்டக்களப்பில் கட்டுப்பாட்டியல் கற்பிப்போர் படியைக் கைவிட வேண்டியதில்லை. மாணவரின் முதல் அளவீடு மட்டும் வாவியின் வற்றுப்பெருக்காக இருக்கட்டும்.