பிரபுவின் வகுப்பறையும் ஒரு வியாபாரியின் சந்தேகமும்

ஆங்கிலம் கற்பிப்பதில் புதுமை என்றால் என்ன என்று இங்கே பெங்களூரில் விரிவுரையாளர்கள் சிலரிடம் விசாரித்தேன். குழு விவாதம், திரை, கணினி என்றார்கள். சரிதான். ஆனால் இதே ஊரில் நடந்த சோதனையை ஒருவரும் சொல்லவில்லையே!

என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை முதலிய ஊர்களின் பள்ளிகளில் இலக்கணப் பாடத்தை ஒதுக்கிவிட்டு, ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றைப் பிள்ளைகள் முன் வைத்தார். எந்த வண்டியில் ஏறினால் நேரத்துக்குப் போய்ச் சேரலாம்? விடை தேடும் மும்முரத்தில் மொழி தானே படியும் என்பது அவர் கட்சி. எனக்கு இது பிடித்துப்போனது. நானே லாரி ரசீது படித்து ஆங்கிலம் கற்றவன். தப்பாகப் படித்தால் சரக்கு வேறு ஊருக்குப் போய்விடும்!

வேடிக்கை என்னவென்றால், பிரபு குழு வேலையை விரும்பவில்லை. ஒருவர் பிழை மற்றவருக்கு ஒட்டிக்கொள்ளும் என்று கருதினார். நாமோ புதுமை என்றாலே குழு என்கிறோம்.

குறையும் உண்டு. வழக்கமான பள்ளி ஆசிரியர்களால் அம்முறையைப் போதிய அளவு கைக்கொள்ள முடியவில்லை என்று ஆலன் பெரெட்டா 1990-இல் எழுதினார். அதே ஆண்டு பிரபுவும், சிறந்த முறை என்று ஒன்று இல்லை, ஆசிரியரின் சொந்தத் தெளிவே முக்கியம் என்று வாதிட்டார். மாணவன் ஏற்கும் விதம் அறிந்து பாடம் சொல்லும்படி நம் பவணந்தி முனிவர் நன்னூலில் சொன்னதற்கு இது தூரமில்லை.

மறுபடி போய், "உங்களுக்கு எதில் நம்பிக்கை?" என்றேன். "எழுபது பேர் இருக்கிற வகுப்பு சார், முதலில் போர்ஷனை முடிக்கணும்" என்றார் ஓர் இளைஞர்.