‘மேகே டாக்கா தாரா’வும் ‘பிழை’ என்னும் வினையும்

ரித்விக் கட்டக்கின் ‘மேகே டாக்கா தாரா’ (1960) நாட்டுப் பிரிவினையைப் பற்றிய படமாகவே பெரிதும் ஆராயப்பட்டுள்ளது. அது ஒரு குடும்பத்தின் வரவுசெலவைப் பற்றிய படமும் ஆகும். ஒருத்தியின் சம்பளத்தில் ஒரு வீடு நிற்கும் நிலை அப்படத்தின் மொழியில் எவ்வாறு பதிவாகியுள்ளது என்பதையும், அதைத் தமிழாக்குவோர் ஒரு வினைச்சொல்லில் எதிர்கொள்ளும் இடர்ப்பாட்டையும் இக்கட்டுரை நோக்குகிறது.

படம் காட்டும் அகதிக் குடியிருப்பு எத்தகையது என அறியக் கொல்கத்தாவின் தென்பகுதியிலுள்ள ஜாதவ்பூர் வட்டாரம் துணைசெய்யும். 1947க்குப் பின் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தோர் அங்குக் காலி நிலங்களில் தாமே மனை பிரித்துக் குடியேறினர். கைவிடப்பட்ட படைமுகாமில் எழுந்ததே விஜய்கட். வந்தோருள் ஆசிரியர், எழுத்தர் குடும்பத்தினர் பலர். அவர்தம் பிள்ளைகள் சிலருக்குக் கிடைத்தது ஆலை வேலை. சுலேகா மைத் தொழிற்சாலையும் பெங்கால் லாம்ப் ஆலையும் அவ்வட்டாரத்தில் இன்று இடப்பெயர்களாகவும் வழங்குகின்றன. ஆகவே, பள்ளி ஆசிரியரின் மகன் மண்ட்டு ஆலைத் தொழிலாளியாகி இயந்திர விபத்தில் காயமுறுவது கதைக்காகப் புனைந்த அவலமன்று. மூத்த மகள் நீதாவின் காசநோயும் அவ்வாறே. ஜாதவ்பூரிலேயே காசநோய் மருத்துவமனை இருந்தது. கவிஞர் சுகாந்த பட்டாச்சார்யா 1947இல் இருபது வயதில் இறந்தது அங்குத்தான்.

குடும்பத்தினரின் பேச்சு ஒரே தன்மையதன்று. தாயின் பேச்சில் கிழக்கு வங்காளச் சாயல் மிகுதி. நீதாவின் பேச்சு கொல்கத்தாத் தரமொழியை ஒட்டியது. ‘போவேன்’ என்பதைத் தரமொழி ‘ஜாபோ’ என்னும். கிழக்கு வழக்கு ‘ஜாமு’ என்னும். இவ்வேறுபாட்டைக் காட்ட யாழ்ப்பாணத் தமிழைக் கையாளலாமே என்னும் எண்ணம் மொழிபெயர்ப்பாளர்க்கு எழக்கூடும். அது தவறான வழி என்பது என் கருத்து. அவ்வழக்கு வேறொரு போரின் நினைவைக் கொணர்ந்து இக்கதையின்மேல் ஏற்றிவிடும். தாயின் பேச்சை ஏதேனுமோர் ஊர்ப்புறத் தமிழிலும் மகளின் பேச்சைப் படித்தோர் தமிழிலும் அமைப்பதே போதும்.

முறைப்பெயர்கள் இதனினும் நுட்பமானவை. அண்ணன் சங்கர் நீதாவைக் ‘குகி’ என்று செல்லமாக அழைக்கிறான். சிறு பெண் என்பது அதன் பொருள். வேலையின்றிப் பாட்டுப் பயிலும் அவன், தனக்கும் சேர்த்துப் பொருளீட்டும் தங்கையை அவ்வாறு அழைக்கிறான். தமிழில் ‘பாப்பா’ என்பது இவ்விடத்திற்கு ஒத்துவரும். பெயரைச் சொல்லி அழைப்பதாக மாற்றினால் குடும்பப் பாசமும் குடும்பச் சுரண்டலும் ஒரே விளியில் இருப்பது மறைந்துபோகும்.

இனி வினைக்கு வருவோம். ஷில்லாங்கின் காசநோய் இல்லத்தில், தங்கை கீதாவின் குழந்தையைப் பற்றி அண்ணன் மகிழ்ந்து பேசிக்கொண்டிருக்கையில், நீதா கதறுகிறாள். ‘பாஞ்சா’ என்னும் வினையே அக்கதறலின் அடிச்சொல். அதனை முதலில் கடந்துபோன ஆசையாகவும், பின்னர் நிகழ்கால விருப்பாகவும், இறுதியில் எதிர்கால உறுதியாகவும் அவள் சொல்கிறாள். வங்காளத்தில் அவ்வினை வாழ்தல், சாவினின்று தப்புதல் ஆகிய இரண்டையும் குறிக்கும். ‘வாழ்’ எனப் பெயர்ப்பதே இயல்பாகத் தோன்றும். ஆனால் பெண்ணொருத்தியின் வாயில் அச்சொல் தமிழர் செவிக்குத் தரும் பொருள் வேறு. ‘வாழப் போனாள்’ என்றால் கணவன் வீடு சென்றாள் என்பதே வழக்கு; ‘வாழாவெட்டி’ என்னும் வசை இதனின்றும் எழுந்தது. நீதா விரும்பிய சனத் அதே கீதாவை மணந்தவன். எனவே ‘வாழ’ என்றவுடன் கதறல் காதல் ஏமாற்றமாகச் சுருங்கிவிடும்.

‘பிழை’ என்பதே இங்குத் தகும் என்பேன். நோயாளி பிழைத்தான் என்கிறோம்; பிழைப்புத் தேடிப் போனான் என்றும் கூறுகிறோம். நீதா ஈட்டிய பிழைப்பும் அவளுக்குக் கிட்டாத பிழைப்பும் ஒரே வேரில் நிற்கின்றன. வங்காளச் சொல்லிலும் இவ்விணைப்பு இத்துணை வெளிப்படையாக இல்லை. ‘வாழ்’ என்பதிலுள்ள நிறைவின் சாயல் இதில் இல்லை என்னும் குறை உண்டு. அதை ஏற்கத்தான் வேண்டும். எச்சொல்லைத் தேர்ந்தாலும் மூன்று காலத்திற்கும் அதே வேரைப் பேணுதல் இன்றியமையாதது. நடைநயம் கருதி ஒருமுறை ‘வாழ்’, ஒருமுறை ‘உயிரோடிரு’ என மாற்றுவோர் அக்காட்சியையே குலைப்பர்.

தமிழில் இப்படத்தோடு ஒப்பிடப்பட்டு வருவது கே. பாலசந்தரின் ‘அவள் ஒரு தொடர்கதை’ (1974). சம்பாதிக்கும் மகளின் திருமணம் குடும்பத்திற்காக விலையாவது இரண்டிற்கும் பொது. ஆயின் சுஜாதா நடித்த கவிதா வாய் திறந்து கடிந்து பேசுபவள்; வீட்டார்மீது அவளுக்குள்ள சினம் முதலிலிருந்தே சொல்லாகிறது. நீதாவோ பேசுவதில்லை. அவள் சொல்லாததைக் கட்டக் சாட்டையடி ஓசையாக ஒலிப்பதிவில் வைக்கிறார். கவிதாவின் கதை ‘கபிதா’ என 1977இல் வங்காளத்தில் மீண்டும் எடுக்கப்பட்டது. மாலா சின்ஹா நடித்தார். கதை வங்காளத்திற்குப் போய்ச் சேர்ந்தபோது உடன் சென்றது தமிழ்ப் பெண்ணின் வாய்ப்பேச்சு. அப்பேச்சு எவ்வகை வங்காளத்தில் அமைக்கப்பட்டது என்பது தனியே ஆராயத்தக்கது.