மடக்குக்கத்தியின் பூட்டு

விரித்ததும் 'டக்' என்று சத்தம் கேட்டால்தான் பலருக்கு மடக்குக்கத்தியில் நம்பிக்கை வருகிறது. இந்திப் படங்களில் ராம்பூர்க் கத்தி வந்தாலே அந்தச் சத்தமும் கூட வரும். ஆனால் பூட்டின் தரத்தைச் சத்தம் சொல்லாது. விரிந்த அலகு நம் விரல்மேல் மடங்காமல் நிற்கிறதா, வேண்டுமென்று மடக்கும்போது விரல் எங்கே இருக்கிறது என்ற இரண்டையும்தான் பார்க்கவேண்டும்.

ஜப்பானின் மிகி நகரத்து ஹிகோனோகாமி மடக்குக்கத்தியில் பூட்டே கிடையாது. அலகின் வாலைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ளவேண்டும். ஷெஃபீல்டு பேனாக்கத்தியில் முதுகிலுள்ள வில் அலகைத் தாங்கும், பூட்டாது. பிரிட்டனில் 1988-ஆம் ஆண்டுச் சட்டமும் பின்வந்த தீர்ப்பும், மூன்று அங்குலத்துக்கு மேற்படாத இந்தப் பூட்டில்லா வகையைத்தான் காரணம் கேட்காமல் வெளியே கொண்டுபோக விடுகின்றன. விரலுக்குப் பொல்லாதது சட்டத்துக்குச் சாது! பிரான்சின் ஒப்பினெல் 1955-இல் ஒரு வளையத்தைச் சேர்த்தது. திருகினால் பூட்டு, அவ்வளவுதான்.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் டூல்ரூம்காரர்கள் ரசிக்கவேண்டியது லைனர் லாக். இன்றைய வடிவத்தை 1980-களில் கொடுத்தவர் அமெரிக்கரான மைக்கேல் வாக்கர். கைப்பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடே வில்லாக விலகி வந்து அலகின் அடியை முட்டி நிற்கும். முட்டும் முகத்தில் ஏழெட்டு டிகிரி சாய்வு. டேப்பர் ஷாங்க் டிரில் ஸ்லீவைக் கடித்துக்கொள்கிற அதே கணக்கு: உராய்வுதான் பூட்டு. சாய்வு கூடினால் அழுத்தத்தில் தகடு நழுவும். குறைந்தால் கடித்துக்கொண்டு விடாது. முகம் தேய்ந்தாலும் தகடு இன்னும் சற்று நகர்ந்து ஆட்டத்தைத் தானே எடுத்துவிடும். கத்தி செய்பவரான கிறிஸ் ரீவ் டைட்டானியக் கைப்பிடியையே அந்த வில்லாக்கினார். டைட்டானியம் எஃகோடு ஒட்டி இழுபடும் என்பதால், பின்னால் வந்த பலர் அதன் முனையில் எஃகுத் துண்டு பதிக்கிறார்கள்.

இத்தனை நேர்த்தியிலும் ஒரு குறை: மடக்கும்போது கட்டைவிரல் அலகின் பாதையிலேயே நிற்கிறது. அதனால் ஷாப் ஃப்ளோருக்கு என் ஓட்டு முதுகுப்பூட்டுக்குத்தான். 1964-இல் வந்த பக் 110 பரவலாக்கிய வகை அது. முதுகுத் தண்டின் பல் அலகின் அடியிலுள்ள வெட்டில் விழும். பின்னால் அழுத்தினால் விடும். இரண்டு கையும் வேண்டும், போகட்டும். அந்த வெட்டில் வேஸ்ட் துணியின் நூலோ கடைசல் சுருளோ சிக்கினால் பல் முழுதாக விழாது. பூட்டு விட்டுப்போச்சு என்று ஓரங்கட்டுமுன் ஒரு பிரஷ் போட்டுப் பாருங்கள்.