பகிர்வு என்னும் ஒரு சொல்: மின் நாட்காட்டிகள் பற்றி ஒரு விமர்சனம்

1952ஆம் ஆண்டு இந்திய அரசின் அறிவியல், தொழில் ஆராய்ச்சி மன்றம் நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு ஒன்றை அமைத்தது. இயற்பியல் மாணவர்கள் நன்கறிந்த மேகநாத சாகா அதன் தலைவர். நாட்டில் ஏறத்தாழ முப்பது வகை நாட்காட்டிகள் வழக்கில் இருப்பதை அக்குழு கண்டது. 1955இல் அதன் அறிக்கை வந்தது. 1957 மார்ச் 22 முதல் சக ஆண்டைக் கொண்ட தேசிய நாட்காட்டி அரசு அலுவல்களுக்கு நடைமுறைக்கு வந்தது. அரசிதழில் அத்தேதி அச்சாகிறது. மக்களோ தத்தம் பஞ்சாங்கத்தையே பார்க்கின்றனர். பொது முறை ஒன்றை வகுப்பது வேறு, அதை எல்லோரும் கைக்கொள்வது வேறு என்பதற்கு இது நல்ல சான்று.

அதே கதை இன்று கணிப்பொறிக்குள் மீண்டும் நடைபெறுகிறது. கூகுள் காலண்டர், அவுட்லுக், ஆப்பிள் காலண்டர், தண்டர்பேர்ட் எனப் பல நாட்காட்டி நிரல்கள் உள்ளன. ஒவ்வொன்றும் "பகிர்க" என்று ஒரு பொத்தானை நமக்குக் காட்டுகிறது. அப்பொத்தான் சொன்னதைச் செய்கிறதா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

ஒரு மணி நேரம் எங்கே போயிற்று?

என் பழைய மாணவர் ஒருவர் ஆம்பூர்ப் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் பணிபுரிகிறார். செவ்வாய்க்கிழமைதோறும் ஜெர்மனியிலுள்ள கொள்முதல்காரரோடு திரை வழியே பேச வேண்டும். அங்கு காலை 11 மணி, இங்கு பிற்பகல் 3.30. அலுவலக மின்னஞ்சல் ஒரு நிரலில்; அவருடைய கைப்பேசி நாட்காட்டி வேறொன்றில். இரண்டும் இணைய மறுத்தன. ஆகவே "செவ்வாய் தோறும் 3.30" என்று கைப்பேசியில் தாமே எழுதிக்கொண்டார். மார்ச் மாதக் கடைசியில் ஒரு செவ்வாயன்று சரியாக 3.30க்கு அமர்ந்தார். எதிர்ப்பக்கம் யாருமில்லை. ஒரு மணி நேரம் முன்பே அவர்கள் காத்திருந்துவிட்டுக் கலைந்துவிட்டனர். சாம்பிள் ஒப்புதல் ஒரு வாரம் தள்ளிப்போயிற்று. "சார், நான் நேரம் தவறியதே இல்லை, என் கடிகாரமும் சரியாகத்தான் ஓடுகிறது" என்று வருந்தினார்.

கடிகாரம் சரிதான். ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி, அக்டோபர் கடைசி ஞாயிறன்று பின்னே வைக்கின்றனர். குளிர்காலத்தில் நமக்கும் ஜெர்மனிக்கும் உள்ள வேறுபாடு நாலரை மணி. கோடையில் மூன்றரை மணி. அன்று முதல் அவர்களுடைய 11 மணி நமக்கு 2.30 ஆகிவிட்டது.

இதை வகுப்பறை மொழியில் சொல்லலாம். குறிப்பாயம் இன்றி ஓர் ஆயத்தொலைவுக்குப் பொருளில்லை. வாணியம்பாடிக்கு அருகே ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்தில் எடுத்த பதிவை ஜெர்மனியில் எடுத்த பதிவோடு ஒப்பிட முடிவதற்குக் காரணம், வானியலார் உலகப் பொது நேரத்தைக் குறிப்பதுதான். ஆனால் நடந்து முடிந்ததற்கே இது போதும். இனி வாராவாரம் நடக்க வேண்டிய கூட்டம் ஓர் ஊரின் சுவர்க்கடிகாரத்தைப் பின்பற்றுகிறது. ஆகவே எண்ணோடு அந்த ஊரின் நேர வட்டப் பெயரையும் சேர்த்து எழுத வேண்டும். "பெர்லின் நேரம் 11" என்று எழுதியிருந்தால் பிசகு நேர்ந்திராது.

பொது மொழி உண்டு

இவ்வளவையும் எழுதி வைக்க ஒரு பொது மொழி இல்லாமல் இல்லை. ஐகேலண்டர் என்ற தரம் 1998இல் வெளிவந்தது; 2009இல் திருத்தப்பட்டது. அத்தகைய கோப்பைத் திறந்தால் வெறும் எழுத்து வரிகளே தென்படும். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு தனி அடையாளம், தொடக்கம், முடிவு, நேர வட்டத்தின் பெயர், எத்தனையாவது திருத்தம் என்ற எண் ஆகியவை அவற்றில் இருக்கும். இத்தரம் நல்ல தரம் என்பதில் ஐயமில்லை. குறை அதைக் கையாளும் நிரல்களிடம் உள்ளது.

"பகிர்க" என்ற ஒரே சொல்லால் இந்நிரல்கள் நான்கு வெவ்வேறு செயல்களைக் குறிக்கின்றன.

முதலாவது, அழைப்பு. ஒரு கூட்டத்துக்கு மின்னஞ்சலில் அழைப்பு அனுப்புகிறோம். நேரம் மாறினால் அதே அடையாளத்தோடு, கூடிய திருத்த எண்ணோடு மறு அழைப்பு போகிறது. பெறுபவரின் நிரல் பழையதை நீக்கிப் புதியதை வைக்கிறது. எந்த நிரலிலிருந்து எந்த நிரலுக்கும் இது பெரும்பாலும் ஒழுங்காகவே நடக்கிறது. பாராட்ட வேண்டியதைப் பாராட்டுவோம்.

இரண்டாவது, நகல். நாட்காட்டியைக் கோப்பாக இறக்கி மற்றொரு நிரலில் ஏற்றுகிறோம். ஏற்றிய நொடியிலேயே மூலத்துக்கும் நகலுக்கும் உறவு அறுந்துவிடுகிறது. மூலத்தில் எதை மாற்றினாலும் நகலுக்குத் தெரியாது.

மூன்றாவது, சந்தா. கோப்புக்குப் பதில் அதன் முகவரியைக் கொடுக்கிறோம். இந்த மாத இதழுக்குச் சந்தா கட்டியவருக்குப் புதிய இதழ் தானே வருவதைப் போல, மாற்றங்கள் தாமே வந்து சேரும். ஆனால் படிக்கலாம்; எழுத முடியாது.

நான்காவது, பொதுப் பேரேடு. பலரும் ஒரே ஏட்டில் படிக்கவும் எழுதவும் செய்வது. இதற்கென 2007இல் கால்டாவ் என்ற பொது நெறிமுறை வெளிவந்தது.

நான்கும் நான்கு தேவைகளுக்கானவை. எது நகல், எது சந்தா என்று பயனருக்குத் தெளிவாகச் சொல்லாமல் விடுவதே இந்நிரல்கள்மீது என் முதற் குற்றச்சாட்டு. திரையில் இரண்டும் ஒரே நிறக் கட்டங்களாகவே தோன்றுகின்றன. உயிருள்ள தேதிக்கும் உயிரற்ற தேதிக்கும் வேறுபாடு காட்டாத நாட்காட்டி, காலாவதியான மருந்தையும் நல்ல மருந்தையும் ஒரே புட்டியில் வைக்கும் கடைக்கு ஒப்பாகும்.

பிறை தெரிந்த மாலை

எங்கள் பகுதியில் இது ஏட்டளவுச் சிக்கல் அன்று. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஊர்களில் ரம்ஜான் பெருநாளன்று தோல் ஆலைகளும் ஷூ கம்பெனிகளும் மூடியிருக்கும். ஆனால் அது எந்த நாள்? நோன்பு மாதம் 29 நாளா 30 நாளா என்பது பிறை பார்த்த பிறகே முடிவாகும். தலைமை காஜியின் அறிவிப்பு முந்தைய இரவில்தான் வரும். ஜனவரியில் விடுமுறைப் பட்டியலை நகலாக அனுப்பியிருந்தால், வெளிநாட்டுக் கொள்முதல்காரரின் நாட்காட்டியில் பழைய தேதியே நிற்கும். அவருடைய தரச் சோதனையாளர் பூட்டிய வாசலில் வந்து நிற்பார்.

சந்தா முறை இருந்தால் போதுமா? அங்கும் ஒரு குறை. கூகுள் காலண்டர் பிற நிரல்களின் சந்தாவைப் புதுப்பிக்கப் பல மணி நேரம் எடுத்துக்கொள்ளும். விரைவுபடுத்தப் பயனருக்கு வழியில்லை. இரவு 8 மணிக்கு மாற்றிய தேதி, பெருநாள் விடிந்தபின் போய்ச் சேர்ந்தால் யாருக்கு என்ன பயன்? தண்டர்பேர்டில் அரை மணிக்கொரு முறை என்று நாமே குறிக்கலாம். இலவச நிரலால் முடிவது பெரிய நிறுவனத்தால் ஏன் முடியவில்லை?

முழுநாள் விடுமுறையிலும் ஒரு பிழை ஒளிந்துள்ளது. விடுமுறை என்பது ஒரு தேதி. அதற்கு மணி கிடையாது. ஐகேலண்டர் தரம் அதை வெறும் தேதியாக எழுத வழி தருகிறது. சில நிரல்களோ "நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை" என்று எழுதிவிடுகின்றன. நம் நள்ளிரவு, குளிர்கால ஜெர்மனியில் முந்தைய நாள் இரவு 7.30. விளைவு, நம் ஒரு நாள் விடுமுறை அங்கே இரண்டு தேதிகளில் சிந்திக் கிடக்கிறது.

இனி, பேரேட்டுக்கு வருவோம். கால்டாவ் முறையை ஆப்பிளும் தண்டர்பேர்டும் ஏற்றுள்ளன. கூகுள் தன் வாசலைத் திறந்து வைத்துள்ளது. ஆனால் தான் பிறர் வீட்டுக்குப் போவதில்லை. அதாவது, பிற நிரல்கள் கூகுள் ஏட்டில் எழுதலாம். கூகுள் காலண்டரிலிருந்து பிறர் கால்டாவ் ஏட்டில் எழுத இயலாது. மைக்ரோசாஃப்டோ தன் சொந்த முறையையே பேணி வந்தது. விண்டோஸ் அவுட்லுக்கில் கால்டாவ் வேண்டுமானால் பிறர் எழுதிய துணை நிரலை நாட வேண்டும். 1998ஆம் ஆண்டுத் தரத்தை எழுதிய இருவரில் ஒருவர் மைக்ரோசாஃப்ட் பொறியாளர் என்பதை நினைக்கும்போது வியப்பே மேலிடுகிறது.

எல்லோரும் ஒரே நிறுவனத்தின் நிரலுக்கு மாறிவிட்டால் தொல்லை தீரும் என்பர் சிலர். இராணிப்பேட்டைத் தோல் ஆலையும், ஆம்பூர் ஷூ கம்பெனியும், சென்னைத் துறைமுக முகவரும், ஜெர்மனிக் கொள்முதல்காரரும் ஒரே நிரலுக்கு வருவது நடக்கக்கூடியதா? மின்னஞ்சலுக்கு அப்படி யாரும் கேட்பதில்லை. எந்த நிறுவனத்தின் அஞ்சலும் எந்த நிறுவனத்துக்கும் போகிறது. அஞ்சலுக்கு இயன்றது நாட்காட்டிக்கும் இயல வேண்டும்.

அதுவரை நாம் செய்யக்கூடியவை சில. கூட்டங்களைக் கையால் எழுதாமல் அழைப்பாகவே அனுப்புங்கள். மாறக்கூடிய தேதிகளை நகலாகத் தராமல் சந்தாவாகத் தாருங்கள். நேரத்தோடு ஊர்ப் பெயரையும் எழுதுங்கள். விடுமுறையை முழுநாள் என்றே குறியுங்கள். முந்தைய இரவு முடிவாகும் செய்திக்கு எந்த நிரலையும் நம்பாமல் தொலைபேசியை எடுங்கள்.

என் மாணவர் இப்போது தம் கைப்பேசியில் "பெர்லின் நேரம் 11" என்று குறித்து வைத்திருக்கிறார். இது சிறிய திருத்தம். ஆனால் ஒரு தனி மனிதர் தம் கவனத்தால் செய்த திருத்தம். நாட்காட்டி என்பது பலர் சேர்ந்து செய்துகொள்ளும் உடன்பாடு. அந்த உடன்பாட்டைக் காக்கும் பொறுப்பை நிரல் எழுதுவோர் முழுவதும் பயனர் தலையில் கட்டிவிடுவது முறையாகாது.