ஏழெட்டு எத்தனை?

கட்டுமாவடி மீன் மார்க்கெட்டில் ஒரு சனிக்கிழமை காலை. அப்பத்தாவுக்குத் துணையாகக் குந்தியிருந்த நாலாம் வகுப்புச் சிறுமிதான் எனக்குக் கணக்குச் சொன்னாள். நண்டு கிலோ 420 ரூபாய். தராசில் ஒன்றே முக்கால் கிலோ நின்றது. "நானூத்தி இருவது, இருநூத்திப் பத்து, நூத்தி அஞ்சு... எழுநூத்தி முப்பத்தஞ்சு குடுங்க." ஒரு கிலோ, அதில் பாதி, அந்தப் பாதியில் பாதி. ஆயிரம் ரூபாயாக நீட்டினேன். மீதியை அவள் கழிக்கவே இல்லை. 735-இலிருந்து மேலே ஏறினாள். அஞ்சு வைத்தால் 740, பத்து வைத்தால் 750, ஐம்பதுக்கு 800, இருநூறு வைத்தால் ஆயிரம். என் கையில் 265 ரூபாய்.

சும்மா இராமல், பையில் இருந்த நோட்டில் 1000 − 735 என்று மேலும் கீழுமாக எழுதி அவளிடம் கொடுத்தேன். 1735 என்று விடை போட்டாள்.

இதைக் கவனக்குறைவு என்று தள்ளிவிட முடியாது. பூஜ்யத்தில் ஐந்து போகாது. ஆகவே ஐந்தில் பூஜ்யத்தைக் கழித்தாள். மூன்றிலும் ஏழிலும் அதே வேலை. பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழி என்ற தன் விதிக்கு இம்மி பிசகாமல் கீழ்ப்படிந்திருக்கிறாள். ஜான் சீலி பிரவுனும் ரிச்சர்ட் பர்ட்டனும் 1978-இல் பிள்ளைகளின் கழித்தல் பிழைகளை ஆராய்ந்து இதைத்தான் காட்டினார்கள்: பிழைக்குள்ளும் ஒரு முறை ஒளிந்திருக்கிறது. ஆயிரத்திலிருந்து எடுத்த பிறகு மிச்சம் ஆயிரத்தைத் தாண்டுமா என்ற திகைப்பு அவளுக்கு வரவில்லை. நண்டு விற்றபோது அந்தத் திகைப்பு தேவைப்படவே இல்லை. தொகை கண்முன் இருந்தது. நோட்டில் இருந்தவை வெறும் தனித்தனி இலக்கங்கள்.

மேல் இலக்கம் போதாதபோது பக்கத்து இடத்திலிருந்து எடுப்பதை நம் வகுப்பறைகள் 'கடன் வாங்குவது' என்று சொல்லிக்கொடுக்கின்றன. பாடநூல் 'இனமாற்றம்' என்கிறது. பாடநூலின் சொல்தான் சரி. ஒரு நூறு பத்துப் பத்துகளாக மாறுகிறது, அவ்வளவே. கடன் என்றால் என்னவென்று கடற்கரைப் பிள்ளைக்கு நன்றாகவே தெரியும்; திருப்பிக் கொடுக்க வேண்டாத கடன் எந்த ஊரில் உண்டு?

"வாய்ப்பாடு தெரியுமா?" என்றேன். கேட்டதுதான் தாமதம், எட்டாம் வாய்ப்பாடு ஒரே மூச்சில் வந்தது. ஓரெட்டு எட்டு, ஈரெட்டு பதினாறு... எண்பது வரை தடையே இல்லை. "ஏழெட்டு?" என்று தனியாகக் கேட்டேன். உதடு மெல்ல அசைந்தது. ஓரெட்டிலிருந்து மறுபடி தொடங்கி, ஏழாம் படிக்கு வந்த பிறகே ஐம்பத்தாறு வெளியே வந்தது. (தமிழில் 'ஏழெட்டு பேர்' என்றால் ஏழோ எட்டோ பேர். கணக்கில் மட்டும் அது ஐம்பத்தாறு. பாவம் பிள்ளைகள்.)

வாய்ப்பாடு ஒப்பித்தலைக் கிளிப்பிள்ளைப் பாடம் என்று ஏளனம் செய்வது இன்று கல்வி பேசுவோரிடையே நாகரிகம். எனக்கு அதில் உடன்பாடில்லை. மனம் ஒரே நேரத்தில் தாங்கக்கூடிய சுமை மிகக் கொஞ்சம். 47-ஐ எட்டால் பெருக்கும் பிள்ளை ஏழெட்டு ஐம்பத்தாறு என்று கண்டு, 6-ஐ எழுதி, 5-ஐ நினைவில் வைத்து, நாலெட்டு முப்பத்திரண்டோடு அதைச் சேர்க்க வேண்டும். ஏழெட்டுக்கே விரல் மடக்கினால் அந்த 5 எப்போதோ நழுவிவிடும். பட்டென்று வரும் பெருக்கல் அந்தச் சின்ன இடத்தைக் காலியாக்கித் தருகிறது. ஓசைநயம் நினைவுக்குத் தரும் பிடிமானமும் சாதாரணமானதல்ல.

தமிழ் எண்ணுப்பெயர்களும் பிள்ளைக்கு ஒத்தாசை. முப்பத்தேழு என்றால் மூன்று பத்து, ஒரு ஏழு. எழுதும் வரிசையும் அதேதான். இந்தி பேசும் பிள்ளை நூறு வரை ஏறக்குறைய ஒவ்வொரு பெயரையும் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கிறது. நமக்கு இடறல் ஒன்பதில்: தொண்ணூறில் நூறும், தொள்ளாயிரத்தில் ஆயிரமும் ஒலிக்கின்றன. அப்புறம், நூற்றைந்தைக் காதில் கேட்டபடி 1005 என்று எழுதும் பிள்ளை எல்லா ஊரிலும் உண்டு. இடமதிப்பு காதால் வருவதில்லை. பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளைக் கை பிரித்துச் சேர்த்துப் பழக வேண்டும்.

ஆக, குறை ஒப்பித்தலில் இல்லை, அதோடு நின்றுவிடுவதில்தான். படிப்படியாகவே ஏறத் தெரிந்த பிள்ளைக்கு வாய்ப்பாடு பாட்டு. எந்தப் படியிலும் குதித்து நிற்கத் தெரிந்தால்தான் கணக்கு. ஏழெட்டும் எட்டேழும் ஒன்றே என்று கண்டுகொண்ட பிள்ளை, ஒன்றையும் பத்தையும் தள்ளினால், நினைவில் வைக்க வேண்டியது 36 பெருக்கல்கள்தாம். இதை வாய்ப்பாட்டுப் புத்தகத்தின் பின்னட்டை யாருக்கும் சொல்வதில்லை.

பழைய திண்ணைப் பள்ளி இன்னும் கடுமையாக ஒப்பிக்க வைத்தது. எண்சுவடியில் முழு எண்கள் மட்டுமா? காணி 80-இல் ஒரு பங்கு, முந்திரி 320-இல் ஒரு பங்கு. இந்தப் பின்னங்களையும் பிள்ளைகள் மனத்தில் ஏற்றினார்கள். பிரம்படியை நான் மறக்கவில்லை. ஆனால் அந்த ஒப்பித்தலுக்கு வெளியே நெல் அளப்பும் நிலக் குழிக்கணக்கும் காத்திருந்தன. 1957-இல் நயா பைசா வந்ததும், பின்னாலேயே கிலோ வந்ததும் அந்தப் பின்னங்களில் பெரும்பாலானவற்றுக்கு வேலை போயிற்று. அரையும் காலும் முக்காலும் மட்டும் மீன் தராசில் உயிரோடு இருக்கின்றன.

சந்தையில் சரி, தாளில் தவறு என்பது இந்தச் சிறுமியோடு மட்டும் நிற்பதில்லை. பிரேசிலின் ரெசிஃபெ நகரத் தெருக்களில் வியாபாரம் செய்த ஐந்து பிள்ளைகளை ஆராய்ந்து, கராஹெர் தம்பதியும் ஷ்லீமனும் 1985-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வியாபாரத்தில் 98 சதவீதம் சரி. அதே மாதிரிக் கணக்கை வெறும் எண்ணாகத் தாளில் கொடுத்தபோது 37 சதவீதம். ஐந்தே பிள்ளைகள்தானே என்று ஐயப்படலாம். 2025-இல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் கொல்கத்தா, தில்லிச் சந்தைகளில் 1,400-க்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் அதையே கண்டார்கள். மறுபக்கமும் உண்டு: பள்ளிக் கணக்கில் தேறிய பிள்ளைகள் சந்தைக் கணக்கில் திணறினார்கள். சந்தையைப் புகழ்ந்து பள்ளியை இகழ இது சான்றாகாது. பாதியில் பாதி காணும் உத்தி முக்கால் கிலோவுக்குப் போதும். 685 கிராமுக்கும் 17 சதவீதத்துக்கும் எழுதிப் போடும் முறைதான் வேண்டும்.

தமிழ்நாட்டில் மாற்று முயற்சிகளுக்குக் குறைவில்லை. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் பின்னர் மாநிலம் முழுக்கப் பரவியது. 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து தொடங்குவது அதன் நல்ல குணம். மணிகளும் குச்சிகளும் அளவை உணர்த்துகின்றன. அங்கேயும் எனக்கொரு மனத்தாங்கல்: குச்சியைக் கீழே வைப்பது எப்போது என்ற கேள்வி. மணியில் புரிந்தது மனத்தில் பட்டென்று வரும்வரை பழக்கம் வேண்டும். 'மனப்பாடம்' என்ற சொல்லுக்கு அஞ்சி அதை விட்டுவிட்டால், ஐந்தாம் வகுப்பு வகுத்தலில் பிள்ளை மறுபடி விரலுக்குத்தான் வரும்.

நோட்டை அவளிடமே திருப்பிக் கொடுத்து, எனக்கு மீதி தந்தாளே, அதே மாதிரி எழுதச் சொன்னேன். 735-க்குப் பக்கத்தில் 5, 10, 50, 200 என்று வரிசையாக எழுதி, கூட்டி, 265 என்று கோடு போட்டாள். மேலே கிடந்த 1735-ஐ அவளே அடித்துவிட்டாள். பிறகு நிமிர்ந்து, "இப்புடிப் போட்டா டீச்சர் மார்க்கு போடுவாங்களா?" என்று கேட்டாள். அதற்குள் அப்பத்தா அடுத்த ஆளுக்கு இறாலை நிறுக்கத் தொடங்கியிருந்தார்.