14-க்குப் போனவர், 14.20-க்கு வந்தவர்

தீபாவளிச் சரக்கு கடைசி லாரியில் ஏறி, போனஸ் பட்டுவாடாவும் முடிந்து, பட்டாசு ஆலைகளுக்குப் பூட்டுப் போட்டதும் சிவகாசிக்குச் சில வாரங்கள் ஓய்வு. 2025-ல் தீபாவளி அக்டோபர் 20-லேயே வந்துவிட்டது. மறுபடி பூஜை போட்டு ஆலைகளைத் திறக்கும்வரை ஊருக்குப் பேச ஏதாவது வேண்டுமே, அதை ஐபிஎல் அணிகள் பார்த்துக்கொண்டன. நவம்பர் இரண்டாவது வாரம் முழுக்க, திருத்தங்கல் டீக்கடையில் ஆரம்பித்து விருதுநகர் பஸ் ஸ்டாண்டு வரை ஒரே பேச்சுதான். சஞ்சு வருகிறாரா? ஜடேஜா போகிறாரா?

நவம்பர் 15-ம் தேதி பதில் வந்தது. ராஜஸ்தான் ராயல்ஸ் கேப்டன் சஞ்சு சாம்சன் 18 கோடி ரூபாய்க்குச் சென்னைக்கு. ரவீந்திர ஜடேஜாவும் இங்கிலாந்தின் சாம் கரனும் ராஜஸ்தானுக்கு. கரனுக்கு அதே 2.40 கோடி. ஜடேஜாவின் சம்பளம் மட்டும் 18 கோடியிலிருந்து 14 கோடியாக இறங்கியது.

அன்றைக்கே ஷமி ஹைதராபாத்திலிருந்து லக்னோவுக்குப் போனார், அர்ஜுன் டெண்டுல்கர்கூட மும்பையை விட்டு லக்னோவுக்கு மாறினார்; ஷர்துல் தாக்கூர் இரண்டு நாள் முன்பே லக்னோவிலிருந்து மும்பைக்குப் போயிருந்தார். அதையெல்லாம் எங்கள் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இந்த வதந்திக்கு வயது மூன்று மாதத்துக்கு மேல். சஞ்சு ராஜஸ்தானை விட்டு விலக விரும்புகிறார் என்ற செய்தி ஆகஸ்டிலேயே வந்துவிட்டது. பதிலுக்கு ராஜஸ்தான் கேட்பது ஜடேஜாவா, ருதுராஜா, சிவம் துபேயா என்று அப்போதே பட்டியல் ஓடியது. சென்னை யாரையும் தராது என்றார்கள். இடையில் அஸ்வின் பெயரும் அடிபட்டது. அவர் ஆகஸ்ட் 27-ல் ஐபிஎல்லுக்கே முழுக்குப் போட்டு அந்த ஊகத்தை முடித்து வைத்தார். சென்னைக்கு 9.75 கோடி மிச்சம். நவம்பரில் பேச்சு மறுபடி கிளம்பியபோது ராஜஸ்தான் டெவால்ட் பிரெவிஸையும் சேர்த்துக் கேட்பதாகச் செய்தி. பிறகு ஒருநாள் ஜடேஜாவின் இன்ஸ்டாகிராம் கணக்கு காணாமல் போனது. போதாதா? 2022-ல் அவர் தன் பக்கத்திலிருந்து சென்னை அணிப் படங்களை நீக்கியபோது கிளம்பிய அதே புகை.

ஆலைகள் தூங்கினாலும் டிசம்பர் வரை அச்சகங்கள் தூங்குவதில்லை. காலண்டர் வேலை முடிகிற கையோடு பள்ளி நோட்டு அட்டை வேலை தொடங்கிவிடும். நண்பர் ஒருவரின் ஆஃப்செட் அச்சகத்தில் அந்த வாரம் ஒரு நோட்டு அட்டை டிசைன் தயாராக இருந்தது. முகம் கிடையாது, பெயர் கிடையாது; மஞ்சள் சட்டை, முதுகில் ஜடேஜாவின் 8-ம் நம்பர், கையில் வாள்போலச் சுழலும் மட்டை, அவ்வளவுதான். அனுமதி வாங்கினீர்களா என்று நான் கேட்கவில்லை. "நாலு நாள் பொறுங்கண்ணே, பிளேட் போட வேண்டாம்" என்று டிசைன் போடும் பையன் முதலாளியையே நிறுத்தி வைத்திருந்தான். கிரிக்கெட் இணையதளங்களைவிட அவனுக்குத்தான் அன்றைய நிலவரம் துல்லியமாகத் தெரிந்திருந்தது. ராஜஸ்தானில் வெளிநாட்டு வீரர் இடம் எட்டும் நிரம்பியிருக்கிறது, கையில் 30 லட்சம்தான் இருக்கிறது, கரனை எப்படி எடுப்பார்கள் என்று கேட்டான்.

சரியான கேள்வி. சஞ்சுவை விட்டால் ராஜஸ்தானுக்கு 18 கோடி வரும். கையிருப்பையும் சேர்த்தால் 18.30 கோடி. ஜடேஜா 18, கரன் 2.40, ஆக 20.40 கோடி. கணக்கு இடிக்கிறது. ஜடேஜா 14-க்கு இறங்கினால் மொத்தம் 16.40, கணக்கு நேராகிவிடும். இலங்கையின் ஹசரங்காவையும் தீக்ஷணாவையும் ராஜஸ்தான் விடுவித்ததில் வெளிநாட்டு இடமும் காலியானது. அந்த நான்கு கோடியை ஜடேஜா ஏன் விட்டார் என்று உருக்கமாகப் பல கதைகள் வந்தன. எனக்கு இந்தக் கூட்டல் கழித்தலே போதுமான காரணமாகத் தெரிகிறது.

பட்டாசுத் தொழிலில் இது புதிதல்ல. கைத்திறன் உள்ள ஆளுக்கு முதலாளி அட்வான்ஸ் கொடுத்து வைத்திருப்பார். அந்த ஆள் வேறு ஆலைக்குப் போக வேண்டுமானால் புது முதலாளி பழைய பாக்கியை அடைத்துத்தான் கூட்டிப் போக வேண்டும். தீபாவளிக்கும் மறுதிறப்புக்கும் நடுவில்தான் அந்தப் பேச்சுவார்த்தை நடக்கும். யார் எங்கே போகிறார் என்ற வதந்தியும் அப்போதுதான் கிளம்பும். எங்கள் ஊர்க்காரர்கள் ஐபிஎல் ட்ரேடு விதிகளை ஒரே மூச்சில் புரிந்துகொள்வதில் ஆச்சரியம் இல்லை.

சரி, இந்த மாற்றம் தேவைதானா? தேவைதான். 2025-ல் சென்னை 14 ஆட்டங்களில் நான்கை மட்டும் வென்று, தன் வரலாற்றில் முதல்முறையாகக் கடைசி இடத்தில் முடித்தது. சேப்பாக்கத்தில் ஆறு ஆட்டம், ஒரே வெற்றி. 2008-க்குப் பிறகு அங்கே வெல்லாத பெங்களூரு வென்றது, 2010-க்குப் பிறகு வெல்லாத டெல்லி வென்றது, ஒருமுறைகூட வென்றிராத ஹைதராபாத்தும் வென்றது. கொல்கத்தாவுக்கு எதிராக 20 ஓவரும் நின்று 9 விக்கெட்டுக்கு 103. பந்துவீச்சு அந்த அளவுக்கு மோசமில்லை. நூர் அகமது மட்டும் அந்தத் தொடரில் 24 விக்கெட் எடுத்தார். நோய் மேல்வரிசையில் இருந்தது. பவர்பிளேயில் அடிக்க ஆள் இல்லை. முழங்கைக் காயத்தோடு ருதுராஜ் வெளியேற, 43 வயதில் தோனி மறுபடி கேப்டன்.

இந்த நோய்க்குச் சஞ்சு சரியான மருந்து. ட்ரேடு நாள்வரை ஐபிஎல்லில் மூன்று சதம் அடித்தவர், 2024-ல் 531 ரன் எடுத்தவர், சுழலை நேர்கோட்டில் தூக்கி அடிப்பவர், அதோடு கீப்பர். தோனிக்குப் பிறகு கையுறை யாருக்கு என்ற பத்து வருடக் கேள்விக்கும் ஒரு விடை. 2025-ல் விலாக் காயத்தால் 9 ஆட்டம்தான் ஆடினார் என்பது ஒரு உறுத்தல், ஆனால் அப்போது வயது 31. டிசம்பர் 20-ல் அறிவித்த டி20 உலகக் கோப்பை அணியில் கில்லை விட்டுவிட்டு இவரைத் தொடக்க ஆட்டக்காரராக எடுத்தார்கள். தவிர, தூரத்தை வைத்துப் பார்த்தால் எங்களுக்கு இவர்தான் உள்ளூர்க்காரர். பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறி ராத்திரி முழுக்கப் படுத்தால்தான் சிவகாசிக்காரனுக்குச் சென்னை. செங்கோட்டை மலையைத் தாண்டினால் சஞ்சுவின் திருவனந்தபுரம் அதில் பாதித் தூரம்கூட இல்லை.

ஆனால் வதந்தி நாட்களில் வருகிறவரைப் பற்றிப் பேசிய யாரும் போகிறவரின் இடத்துக்கு என்ன செலவாகும் என்று பேசவில்லை. அந்தக் கணக்கு ஒரு மாதம் கழித்து அபுதாபியில் வெளியே வந்தது.

டிசம்பர் 16 மினி ஏலத்துக்குச் சென்னை 43.40 கோடியோடு போனது. கொல்கத்தாவுக்கு அடுத்த பெரிய பை அதுதான். அதில் பிரசாந்த் வீர் என்ற உத்தரப் பிரதேச இளைஞருக்கு 14.20 கோடி. வயது 20. இடது கைச் சுழல், இடது கை மட்டை, கீழ்வரிசையில் அடி. யாருடைய இடத்துக்கு என்று சொல்லத் தேவையில்லை. அதாவது ஜடேஜா ராஜஸ்தானுக்கு 14 கோடிக்குப் போனார். அவர் விட்டுப்போன இடத்துக்கு, ஐபிஎல்லில் ஒரு பந்துகூட வீசியிராத ஒருவரைச் சென்னை 20 லட்சம் கூடுதலாகக் கொடுத்து வாங்கியது.

ட்ரேடு நடந்த அன்று சென்னைக்கு 2.40 கோடி மிச்சம் என்று எழுதினார்கள். 20.40 கோடிக்கான இருவரைக் கொடுத்து 18 கோடிக்கான ஒருவரை வாங்கியதால் வந்த மிச்சம். ஏலம் முடிந்த பிறகு அதே கணக்கைப் போடுங்கள். சஞ்சு 18, வீர் 14.20, ஆக 32.20 கோடி. முன்பு ஜடேஜாவும் கரனும் சேர்ந்து 20.40. கூடுதல் செலவு 11.80 கோடி. இந்தப் பணம் வானத்திலிருந்து விழவில்லை. 13 கோடி வாங்கிய பதிரானாவை விடுவித்ததும் அந்தப் பையில் சேர்ந்ததுதான். அந்தப் பதிரானாவைக் கொல்கத்தா 18 கோடிக்கு எடுத்தது. ஆக, சஞ்சுவுக்காகச் சென்னை கொடுத்த விலை இரண்டு ஆட்டக்காரர்களோடு நிற்கவில்லை. கடைசி ஓவர்களில் யார்க்கர் போடும் கையும் அந்தச் செலவில் பாதி சேர்த்தி என்பது என் கணக்கு.

அதே 14.20 கோடிக்கு ராஜஸ்தான் மாநிலத்தின் கார்த்திக் சர்மா, வயது 19, அவரும் விக்கெட் கீப்பர். சஞ்சு, தோனி, உர்வில் பட்டேல் என்று ஏற்கெனவே மூன்று கீப்பர்கள் இருக்கும் அணியில்! ஆடுவார் என்றே வைத்துக்கொள்வோம், எந்த இடத்தில்?

இளமையை வாங்குகிறார்கள், பத்து வருடத்துக்கு யோசிக்கிறார்கள் என்று நிர்வாகத்துக்காக வாதாடுபவர்கள் இருக்கிறார்கள். 2025-ன் நடுவில் வந்த ஆயுஷ் மாத்ரேயும் பிரெவிஸும் கொடுத்த துணிச்சல் அது. டிசம்பரில் ஜடேஜாவுக்கு 37 முடிந்தது என்பதும் உண்மை. ஆனால் கடைசி இடம் பிடித்த அந்தப் பருவத்திலேயே அவர் 301 ரன் எடுத்து 10 விக்கெட்டும் வீழ்த்தினார். அது மோசமான வருடம் என்றால், நல்ல வருடத்தில் வீர் அதைத் தொட்டுவிடுவாரா? வீர் உள்ளூர் டி20-யில் காட்டிய ஆட்டம் அழகுதான். ஆனால் பட்டாசில் சாம்பிள் வெடிப்பதை வைத்து லோடு எடுக்கும் வியாபாரி எங்கள் ஊரில் யாரும் கிடையாது.

ஜடேஜாவின் கதையில் ஒரு வேடிக்கை உண்டு. 2008-ல் ஷேன் வார்ன் தலைமையில் கோப்பை வென்ற ராஜஸ்தான் அணியில் ஆடிய பையன் அவர். 2010-ல் வேறு அணியோடு சம்பளம் பேசிப் பார்த்தார் என்று அந்த சீசன் முழுக்க ஐபிஎல்லில் ஆடத் தடை விதித்தார்கள். ஆட்டக்காரன் தானாக வாய் திறந்தால் குற்றம், அணிகள் பேசினால் வணிகம். 2012 ஏலத்தில் டெக்கான் சார்ஜர்ஸோடு மல்லுக்கட்டிச் சென்னை அவரை எடுத்தது. நடுவில் சென்னை அணிக்கு விதித்த இரண்டு வருடத் தடைக்காலம் போக, மஞ்சள் சட்டையில் 12 சீசன்.

அந்த 12 என்ற எண் அமெரிக்க பேஸ்பாலை நினைவூட்டுகிறது. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்கு 12 சீசன் ஆடிய கர்ட் ஃப்ளட் என்பவரை 1969 அக்டோபரில் பிலடெல்பியாவுக்கு மாற்றினார்கள், ஒரு வார்த்தை கேட்காமல். அவர் போக மறுத்து வழக்குப் போட்டார். 1972-ல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார், ஆட்ட வாழ்க்கையும் போயிற்று. ஆனால் அடுத்த வருடமே விதி மாறியது. மொத்தம் பத்து வருடம் ஆடி, அதில் கடைசி ஐந்து வருடம் ஒரே அணியில் இருந்தவரை அவர் சம்மதம் இல்லாமல் மாற்ற முடியாது. ஐபிஎல்லில் இதைவிட நல்ல விதி இருக்கிறது. யாரை மாற்றினாலும் அவர் சம்மதம் வேண்டும். எழுத்தில். அணி உன்னை வேண்டாம் என்று முடிவு செய்த பிறகு கேட்கப்படும் சம்மதத்துக்கு என்ன எடை என்பதை அட்வான்ஸ் வாங்கிய எந்தத் தொழிலாளியும் சொல்வார்.

ரசிகர்களும் கொஞ்சம் கண்ணாடி பார்க்கலாம். 2022-ல் எட்டு ஆட்டம் கேப்டனாக இருந்து, ஆறில் தோற்று, பதவியைத் திருப்பிக் கொடுத்த ஜடேஜாவை என்ன பாடு படுத்தினோம்? 2023-ல் அவர் அவுட் ஆனால் தோனி வருவார் என்று அரங்கமே கைதட்டியது; அதை அவரே சிரித்துக்கொண்டு பேட்டியில் சொன்னார். அதே வருடம் அகமதாபாத் இறுதி ஆட்டத்தில் மோகித் சர்மாவின் கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் வேண்டும். ஆறும் நான்கும் அடித்தார். அன்றிரவு சிவகாசியில் வெடித்த சரங்கள் தீபாவளிக்குக்கூட வெடிக்கவில்லை. இப்போது அவர் போனதும் "துரோகம்" என்று நிர்வாகத்தைத் திட்டுகிறோம். 2024 சீசனுக்கு ஹர்திக் பாண்டியாவைத் திரும்ப வாங்கி, ரோஹித்தை இறக்கிக் கேப்டனாக்கிய மும்பைக்கு வான்கடேயிலேயே கூச்சல், பட்டியலில் கடைசி இடம். அந்தத் தப்பைச் சென்னை செய்யவில்லை. சஞ்சு வந்தாலும் கேப்டன் ருதுராஜ்தான் என்று அன்றே சொல்லிவிட்டது புத்திசாலித்தனம்.

2026 பொங்கல் முடிந்து ஆலைகளில் வேலை சூடு பிடித்தது. ட்ரேடு கதவு ஏலத்துக்குப் பிறகு மறுபடி திறந்தது, சீசனுக்கு ஒரு மாதம் முன்புவரை மூடாது. எனவே வதந்திக்கும் பஞ்சமிருக்கவில்லை. நான் பார்க்க விரும்பியது வேறு. சஞ்சுவும் மாத்ரேயும் தொடங்கி, ருதுராஜ் மூன்றில் இறங்கினால் மேல்வரிசை சரி. துபே, பிரெவிஸ் நடுவில் சரி. ஏழாம் இடத்தில் வந்து 20 பந்தில் 35 எடுத்து, நான்கு ஓவரும் வீசி, பாயிண்டில் நின்று பத்து ரன் காப்பாற்ற யார்? வீருக்கு முதல் ஐந்து ஆட்டத்தில் ரன் வராவிட்டால் அகீல் ஹொசைனை இறக்க வேண்டியிருக்கும். அவர் வெளிநாட்டு வீரர் என்பதால் நூரோ பிரெவிஸோ வெளியே உட்கார வேண்டும். அந்த ஒரு இடத்துக்காக அணி முழுவதையும் கலைத்து அடுக்க நேரும்.

நோட்டு அட்டை அச்சாகிவிட்டது. பையன் சட்டை நிறத்தை மாற்றவில்லை. 8-ஐ மட்டும் அழித்துவிட்டு தோனியின் 7 போட்டான். அதுதான் எந்த ட்ரேடிலும் போகாத நம்பராம்.