கிட்டப் போய்ப் பார்த்த பூ

லால்பாக்கில் ஆண்டுக்கு இரண்டு முறை மலர்க்காட்சி நடக்கிறது. ஜனவரியில் குடியரசு நாளையொட்டி ஒன்று, ஆகஸ்டில் சுதந்திர நாளையொட்டி ஒன்று. காட்சி முடிந்த மறுவாரமே நம் தமிழ்க் குடும்பங்களின் செல்போன்களில் பூக்கள் வரிசை கட்டி நிற்கும். ஆஸ்டின் டவுனில் என்னுடையது பாத்திரக் கடை. குக்கருக்கு ரப்பர் வளையம் வாங்க வந்தவர்கள்கூட, "அண்ணா, இதக் கொஞ்சம் பாருங்களேன்" என்று போனை நீட்டுவார்கள். எனக்குப் படம் பிடிக்கும் பைத்தியம் உண்டு என்பது இந்தப் பகுதியில் தெரிந்த செய்தி. பார்ப்பேன். "நல்லாயிருக்கு" என்பேன். வியாபாரிக்கு அதற்கு மேல் பேசினால் நட்டம்.

ஆனால் மலரில் எழுதும்போது அப்படித் தப்பிக்க முடியாது. சென்ற ஆண்டு நம் குடும்பங்கள் பொங்கல் விழாவுக்கு அனுப்பிய பூப்படங்களைத் தேர்வு செய்யும் பொறுப்பில் நானும் ஒருவனாக இருந்தேன். படங்கள் நூற்றுக்கு மேல். அவற்றைத் திரும்ப எடுத்து வைத்துப் பார்த்தபோது தோன்றியதைத்தான் இங்கே சொல்கிறேன். நான் கல்லூரிப் படி ஏறியவன் அல்லன். பிழையிருந்தால் அறிந்தவர்கள் பொறுக்க வேண்டும்.

முதலில் கண்ணில் பட்டது ஒன்று உண்டு. அத்தனை படங்களிலும் பூ முழுதாக விரிந்த நிலையில்தான் இருந்தது. ஒன்றிரண்டைத் தவிர ஒரு மொக்கு இல்லை, ஒரு வாடல் இல்லை. பூவின் வயதுக்கு இத்தனை பெயர் வைத்த மொழி நம்முடையது. அரும்பு, நனை, முகை, போது, மலர், அலர், வீ, செம்மல் என்று படி படியாகச் சொல் இருக்கிறது. இன்னும் திறவாதது ஒன்று, திறக்கும் தறுவாயில் இருப்பது ஒன்று, விரிந்தது ஒன்று, கீழே உதிர்ந்தது ஒன்று, வாடியது ஒன்று. நம் முன்னோர் செடியருகே நின்று நாள் முழுக்கப் பார்த்திருந்தால் ஒழிய இவ்வளவு சொல் பிறந்திருக்காது. பல மெகாபிக்சல் கேமராவை வைத்துக்கொண்டு நாம் 'மலர்' என்ற ஒரே ஒரு சொல்லைத்தான் திரும்பத் திரும்ப எழுதிக் கொண்டிருக்கிறோம்.

இனி படங்களுக்கு வருவோம். பரிசு பெற்றது ஒரு சிவப்பு ரோஜா. சட்டம் முழுக்க ரோஜா, பின்னால் கறுப்பு, இதழ்களில் முத்து முத்தாகத் துளிகள். அதற்கு நானும் கை தூக்கினேன். இப்போது பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. இதழின் நிழல் குட்டையாக, கரிக்கோடு போல விழுந்திருக்கிறது. அது உச்சி வெயில் நேரம். அந்த நேரத்தில் பனித்துளி எங்கிருந்து வரும்? தோட்டக்காரர் தண்ணீர் தெளித்திருக்கலாமே என்றால், பக்கத்து இலை காய்ந்து கிடக்கிறது. ஆக, பூவுக்கு மட்டும் துளி வைத்திருக்கிறார்கள். கிளிசரின் கலந்த நீரைத் தெளித்தால் துளி உருண்டு, ஓடாமல் நிற்கும். பழைய ஸ்டூடியோக்காரர்கள் அறிந்த வித்தைதான். அது பொய் என்பதற்காக மட்டும் நான் குறை சொல்லவில்லை. துளியில்தான் கண் நிற்கிறது. ரோஜா எந்த ஜாதி, இதழ் எப்படிச் சுருண்டு விரிகிறது என்று ஒன்றுமே மனத்தில் தங்கவில்லை. பட்டுப் புடவையைக் காட்டுகிறேன் என்று ஜரிகையை மட்டும் காட்டிய கதை.

இரண்டாவது, செம்பருத்தி. இந்தப் பூ நம் வீடுகளில் மிகுதி. படம் கெடுவதும் இதில்தான் மிகுதி. காரணங்கள் இரண்டு. ஒன்று நிறம். கேமராவின் உள்ளே ஒளியைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று கணக்காக வாங்குகிறார்கள். செம்பருத்தியைக் காட்டினால் சிவப்புக் கணக்கு முதலில் நிரம்பி வழிந்துவிடும். வழிந்த இடத்தில் இதழின் நரம்பும் மடிப்பும் போய், வர்ணம் அடித்த தகடு போல ஆகிவிடும். செல்போன் திரையில் பூவைத் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இறக்கி எடுத்தால் நரம்பு திரும்பி வரும். நம்மவர்கள் செய்வது நேர் எதிர். எடுத்த பிறகு நிறத்தை இன்னும் ஏற்றுகிறார்கள். எனக்கு வந்த ஏழு செம்பருத்திகளில் ஐந்து, ஹோலிப் பொடி பட்ட மாதிரி இருந்தன.

மற்றொரு காரணம் கோணம். செம்பருத்தியின் உயிர் அதன் நடுத்தண்டு. அதைச் சுற்றி மகரந்தப் பைகள், நுனியில் ஐந்தாகப் பிரிந்த சூல்முடி. தண்டு இதழைத் தாண்டி வெளியே நீண்டு நிற்கும். நேர் எதிரே நின்று எடுத்தால் நுனி தெளிவாக இருக்கும், இதழ் மங்கும். இதழ் தெளிந்தால் நுனி மங்கும். கிட்டப் போகப் போகத் தெளிவின் கனம் குறைந்துகொண்டே வரும் என்பது ஒளியியல் விதி. நம்மால் மாற்ற முடியாது. 35 மில்லிமீட்டர் பிலிம் அளவு கேமராவில் பூவை அதன் சொந்த அளவிலேயே பதிய வைத்தால், துவாரம் எஃப் 8-இல் தெளிவாக நிற்பது ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் கனம்தான். எஃப் 16-க்கு இறக்கினால் 2 மில்லிமீட்டர். அதற்கும் கீழே இறக்கினால் ஒளி வளைந்து படம் முழுவதும் சற்று மந்தமாகும். எனவே இது எண்ணை மாற்றித் தீர்க்கும் வழக்கு அல்ல, நிற்கும் இடத்தை மாற்றித் தீர்க்கும் வழக்கு. செம்பருத்திக்குப் பக்கவாட்டில் போய் நில்லுங்கள். தண்டு கேமராவுக்கு இணையாகப் படுத்துவிடும்; அடி முதல் நுனி வரை தெளியும். நந்தியாவட்டைக்கு நேர் மேலே இருந்து பார்க்க வேண்டும். இதழ்கள் காற்றாடி போல ஒரே பக்கம் முறுக்கியிருப்பது அப்போதுதான் புலப்படும். கொன்றைக்குக் கீழே இருந்து பார்க்க வேண்டும். பூவை விட்டு வளைந்து நீளும் மூன்று பெரிய கேசரங்கள் வானத்தை ஒட்டித் தெரியும். ஒவ்வொரு பூவும் தன்னை எங்கிருந்து பார் என்று சொல்லத்தான் செய்கிறது.

செல்போனில் 'போர்ட்ரெய்ட்' என்றொரு வசதி இருக்கிறதல்லவா? அது மனித முகத்துக்குப் பழக்கியது. பின்புறத்தைக் கணக்குப் போட்டு மங்கலாக்குகிறது. பூவில் வைத்தால் மெல்லிய கேசரத்தையும் பின்புறம் என்று நினைத்துத் தின்றுவிடும். ஒரு சங்குப்பூவின் ஓரம் பல் கடித்த மாதிரி இருந்தது. எடுத்த அம்மாவுக்கே ஏன் என்று தெரியவில்லை. பின்னணி மங்க வேண்டுமானால் பூவுக்கும் சுவருக்கும் இடையே தூரம் வேண்டும். தொட்டியைச் சுவரை விட்டு நாலடி தள்ளி வையுங்கள், போதும். காசு செலவில்லை.

வெளிச்சத்தைப் பற்றி என் தொழில் எனக்குச் சொன்னது ஒன்று உண்டு. எவர்சில்வர் குடத்தைப் படம் எடுத்துப் பாருங்கள். கடைத் தெருவே அதில் தெரியும், குடம் தெரியாது. விலைப் பட்டியலுக்காகப் பாத்திரங்களை எடுக்கப் போய்த்தான், வேட்டித் துணியைக் குறுக்கே கட்டி வெயிலைப் பரப்பக் கற்றேன். பூவுக்கும் அதே வேட்டி. ஒரு பக்கம் இருண்டால் எதிரே ஒரு சாப்பாட்டுத் தட்டைப் பிடித்தால் வெளிச்சம் திரும்பி விழும். பளபளப்பு குத்தினால் தட்டைக் கவிழ்த்து வெள்ளைக் காகிதம் ஒட்டிக் கொள்ளலாம். லால்பாக் கண்ணாடி மாளிகைக்குள் எடுத்த படங்களில் நிழல் மென்மையாக வருவதும் கூரையில் வெயில் பரவி இறங்குவதால்தான். 1889-இல் அடிக்கல் நாட்டிய கட்டடம். படம் எடுக்கிறவனுக்கு இன்றைக்கும் ஊரில் அதைவிட நல்ல ஸ்டூடியோ கிடையாது. என்ன, காட்சி நாளில் நின்று எடுக்க முதுகில் கண் வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு பழைய செய்தி. 19-ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் ராபர்ட் வைட் என்ற கம்பெனி மருத்துவர் தாவர ஆராய்ச்சி செய்தார். அவருக்காக ரங்கய்யா, கோவிந்து என்ற இரண்டு தென்னாட்டு ஓவியர்கள் செடிகளை வரைந்தார்கள். 1838 முதல் 1853 வரை வெளிவந்த அவருடைய பெருந்தொகுதிகளில் அந்த வரைபடங்கள் அச்சாயின. மூல ஓவியங்கள் எடின்பரோ தாவரத் தோட்டத்தில் இருக்கின்றன. அந்தத் தாள்களின் அமைப்பைப் பாருங்கள். நடுவில் ஒரு கிளை. அதில் மொக்கும் இருக்கும், விரிந்ததும் இருக்கும், சில சமயம் காயும் இருக்கும். கீழே சிறியதாக, பூவைப் பிரித்து, கேசரம் தனி, சூலகம் தனி என்று பெரிதாக்கிக் காட்டியிருப்பார்கள். கிட்டப் போவது என்றால் இது. பெரிதாக்கியதற்கு ஒரு காரணம் இருந்தது. பெரிதாக்கிய துண்டு எந்தக் கிளையைச் சேர்ந்தது என்பதும் அதே தாளில் இருந்தது. கோவிந்துவின் பெயரால் வைட் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே பெயர் வைத்தார். அந்தப் பெயர் இன்று வழக்கில் இல்லை. ஆனாலும் கூலிக்கு வரைந்த ஒருவருக்கு அன்றைக்கு அது சாதாரண மரியாதை அல்ல.

ஜெர்மனியில் கார்ல் பிளாஸ்ஃபெல்ட் என்ற கலைப்பள்ளி ஆசிரியர் 1928-இல் ஒரு படத்தொகுதி வெளியிட்டார். தானே செய்த கேமரா, வெற்றுப் பின்னணி, பல மடங்கு பெரிதாக்கிய செடிகள். மலர்ந்த பூ அதில் குறைவு. சுருண்ட தளிரும் மொக்கும் காய்ந்த காயும்தான் அதிகம். நிறமே இல்லை, இருந்தும் கண்ணை எடுக்க முடியாது. என்ன குறை என்றால், அவர் செடியை வெட்டி எடுத்து வைத்துப் படம் பிடித்தார். மாணவர்களுக்கு வடிவம் கற்பிப்பது அவர் நோக்கம், ஆகையால் அவருக்கு அது சரி. எறும்பையோ வண்டையோ குளிர்பெட்டியில் வைத்து மரத்துப் போகச் செய்து பூமேல் உட்கார்த்தி எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். அதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. எறும்புப் புற்றுக்கு அரிசி மாவு வைத்த வீட்டில் பிறந்தவன். இந்த விஷயத்தில் என்னிடம் நடுநிலை எதிர்பார்க்காதீர்கள்.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன். எங்கள் பழைய ஓட்டு வீட்டின் பின்கட்டில் ஒரு பவழமல்லி மரம் இருந்தது. இரவில் பூத்து விடியலில் உதிர்ந்துவிடும். மரத்திலிருந்து பறிக்க வேண்டியதில்லை, மண்ணில் விழுந்ததையே எடுத்துப் பூஜைக்கு வைக்கலாம் என்பதால் என் வீட்டம்மாவுக்கு அதன் மேல் தனிப் பிரியம். என்னிடம் அப்போது யாஷிகா இரட்டை லென்ஸ் கேமரா. சுருளுக்குப் பன்னிரண்டு படம். மேல் லென்ஸில் நாம் பார்ப்போம், கீழ் லென்ஸ் படம் எடுக்கும். கிட்டப் போனால் இரண்டும் பார்ப்பது வேறு வேறு; பூவின் தலை வெட்டுப்பட்டு வரும். அந்தக் கோளாறை வெல்லக் கேமராவை அந்த இடைவெளி அளவுக்கு உயர்த்தி உயர்த்தி, மூன்று சுருள் தீர்த்தேன். கறுப்புக் குடைத் துணியைப் பின்னால் கட்டி, ஒற்றைப் பூ, பவழக் காம்பு, வெள்ளை இதழ். அப்போது எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வீட்டை இடித்து மாடியாகக் கட்டியபோது மரத்தை வெட்ட நானே சொன்னேன். வீட்டம்மா காலமாகி இப்போது ஆறு ஆண்டு. சென்ற மாதம் அந்தப் படங்களை மருமகளிடம் காட்டினேன். நன்றாகத்தான் பார்த்தாள். பிறகு, "மாமா, இது நம்ம வீட்டு மரந்தான்னு எப்படித் தெரியும்?" என்றாள். பதில் இல்லை. முப்பத்தாறு படத்திலும் குடைத் துணிதான் இருக்கிறது. மரம் இல்லை, கிணற்றடி இல்லை, பொறுக்கின கை இல்லை.

தள்ளிவிட்ட படங்களின் கட்டில் ஒன்று இருந்தது. விவேக் நகரிலிருந்து பன்னிரண்டு வயதுப் பெண் அனுப்பியது. துணி துவைக்கும் கல்லின் மேல் உதிர்ந்த பவழமல்லி, ஏழெட்டு. ஒன்று மட்டும் தெளிவு. அதன் ஓரம் பழுப்பேறத் தொடங்கியிருக்கிறது. மற்றவை மங்கல். மூலையில் சொட்டுகிற குழாயும் ஒரு பிளாஸ்டிக் வாளியின் விளிம்பும். "வாளியை நகர்த்தியிருக்கலாம், பூ வாடியிருக்கிறது" என்று குறிப்பெழுதித் தள்ளியவன் நான்தான். கையெழுத்து இருக்கிறது, மறுக்க முடியாது. வீ என்ற சொல்லுக்கு அந்த நூற்றுச் சொச்சம் படங்களில் இருந்த ஒரே படம் அது. அந்தத் தெளிவு விழுந்த இடமும் சரியான இடம்தான், பழுப்பேறும் ஓரம்.

அந்தப் பெண்ணின் தகப்பனாரிடம் பேசினேன். படத்தை இந்த மலரில் போட இசைந்தார். வாளியை வெட்டிவிடட்டுமா என்று அச்சகத்தில் கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.